நல்ல ஃபேன்டஸி அட்டை: நடக்காதது ஒன்று போதும்

மயிலாடுதுறைப் பக்கத்து எழுத்தாளர் ஒருவரின் கேள்வி இது. முதல் ஃபேன்டஸி நாவலை முடித்திருக்கிறார். கொள்ளிடக் கரையில் ஒரு பழைய மதகு, அதற்குக் காவலாக ஒரு லஸ்கர், அதாவது மதகைத் திறந்து மூடும் ஊழியர். குறிப்பிட்ட ஓர் இரவில் அந்த மதகைத் திறந்தால் கடல்கொண்ட பட்டினத்துக்கு வழி பிறக்கிறது. டெம்மி அளவு (140-க்கு 216 மி.மீ.), 320 பக்கம். தலைப்பில் ‘கொள்ளிடம்’ என்ற சொல் வருகிறது. ஓவியர் மூன்று மாதிரி அனுப்பியிருக்கிறார். முதலாவதில் முழு நிலா, ஏழு நிலைக் கோபுரம், வாளோடு ஓர் இளவரசன். இரண்டாவதில் தண்ணீரில் பாதி முகம் அமிழ்ந்த பெண், நீலமாக ஒளிரும் கண்கள். மூன்றாவதில் ஆற்று மதகு, அதன் பின்னால் வானம் முட்ட ஒரு மாய நகரம், பறக்கும் கப்பல்கள், இரண்டு நிலா. எதை எடுப்பது, நல்ல ஃபேன்டஸி அட்டைக்கு என்னதான் வேண்டும் என்று கேட்கிறார்.

மூன்றாவதை எடுங்கள். ஆனால் அதில் முக்கால்வாசியை அழிக்கச் சொல்லுங்கள்.

காரணம் இதுதான். ஃபேன்டஸி அட்டையில் நடக்காத விஷயம் ஒன்றே ஒன்று இருந்தால் போதும். அதைச் சுற்றியுள்ள எல்லாமே, பார்ப்பவர் தினமும் பார்த்துப் பழகியதுபோல அச்சு அசலாக இருக்க வேண்டும். பறக்கும் கப்பல், இரண்டு நிலா, மிதக்கும் நகரம் எல்லாம் ஒரே படத்தில் வந்தால், இந்த உலகத்தில் எதுவும் நடக்கும் என்று கண் முடிவு கட்டிவிடும். பிறகு எதைப் பார்த்தும் அது வியக்காது. தாராசுரத்தில் இரண்டாம் ராஜராஜன் கட்டிய கோயிலில் ரிஷபகுஞ்சரம் என்று ஒரு சிற்பம் உண்டு. யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கும். ஒரு பக்க உடலைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. இரண்டு உடலிலும் எந்த மாயமும் கிடையாது, கால் மடங்குவதிலிருந்து எல்லாம் ஒழுங்கான யானை, ஒழுங்கான காளை. மாயம் முழுவதும் அந்த ஒரு தலையில் மட்டும். 12-ம் நூற்றாண்டுச் சிற்பி இவ்வளவு அடக்கம் காட்டியிருக்கும்போது நாம் ஏன் அவசரப்பட வேண்டும்?

முதல் மாதிரியை நான் ஒதுக்குவது வேறு காரணத்துக்காக. படம் நன்றாகவே இருக்கலாம். ஆனால் தமிழ் வாசகருக்குக் கோபுரம், கிரீடம், வாள், நிலா நான்கும் சேர்ந்தால் அது சரித்திர நாவல். அரை நூற்றாண்டுக்கு மேலாக வாரப் பத்திரிகைத் தொடர்கள் கண்ணைப் பழக்கியிருக்கின்றன. தஞ்சாவூர், கும்பகோணம் என்று கதைக்களம் வந்துவிட்டால் இன்னும் மோசம், கேட்பதற்கு முன்பே சோழர் கதை என்று முடிவு செய்துவிடுவார்கள். சரித்திர நாவல் என்று வாங்கியவர் முப்பதாம் பக்கத்தில் ஏமாறுவார். ஃபேன்டஸி தேடுபவர் புத்தகத்தைக் கையில்கூட எடுக்க மாட்டார். உங்கள் கதையில் இளவரசனே கிடையாது, லஸ்கர்தான் நாயகன். அட்டையில் கிரீடம் வந்தால் அது பொய்.

இரண்டாவது, எந்தக் கதைக்கும் பொருந்துகிற படம். ஒளிரும் கண்ணோடு ஒரு பெண் முகம் பேய்க்கதைக்கும் ஆகும், காதல் தொடருக்கும் ஆகும், பழிவாங்கும் நாகத்துக்கும் ஆகும். அட்டையை வேறொரு புத்தகத்தில் ஒட்டினாலும் பொருந்தும் என்றால் அது உங்கள் அட்டை இல்லை. அதோடு, நாயகியின் முகத்தை இவ்வளவு பக்கத்தில் காட்டிவிட்டால் வாசகர் மனத்தில் உருவாக வேண்டிய முகத்தை நீங்களே பறித்துக்கொள்கிறீர்கள். சிறுவர்களுக்கான ஃபேன்டஸியில் முகம் பெரிதாக வரலாம். அங்கே நண்பனைத்தான் தேடுவார்கள். பெரியவர்களுக்கான கதையில் இடமும் அளவும்தான் இழுக்கும்.

அளவு என்றதும் தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில் உள்ள சோழர் கால ஓவியங்களைச் சொல்ல வேண்டும். 1931-ல் வரலாற்று ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டு சொன்னவை. அதில் முப்புரம் எரிக்கும் திரிபுராந்தகர் காட்சியில் தேர்மேல் சிவன் ஒற்றை உருவமாகப் பெரிதாக நிற்கிறார், எதிரே அசுரர் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு. பெரியது ஒன்று, சிறியது பல. கண் எங்கே போக வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. உங்கள் அட்டையில் இதைத் திருப்பிப் போடலாம்: மதகு பெரிது, மனிதன் சிறியவன். முதுகு காட்டி நிற்கும் லஸ்கர், கையில் டார்ச். அட்டை உயரத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் அவர் போக வேண்டாம். முதுகு காட்டி நிற்பவரோடு சேர்ந்து வாசகரும் அந்தப் பக்கம் பார்ப்பார்.

நடக்காத அந்த ஒன்று எங்கே வர வேண்டும்? என் யோசனை: தண்ணீரில். மதகு மூடியிருக்கிறது. அதன் கீழ்ப்பக்கத்தில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கி நிற்கிறது, சுற்றிலும் மணல், காய்ந்த நாணல். அந்தத் தேக்கத்தில் மதகின் பிம்பம் விழ வேண்டிய இடத்தில், தலைகீழாக ஒரு தெரு தெரிகிறது, விளக்குகள் எரிய. மேலே எதுவும் மாறவில்லை. துருப்பிடித்த ஷட்டர், கிரீஸ் கறுத்த திருகுத் தண்டு, சுவரில் பெயின்டால் எழுதிய எண், சாய்த்து வைத்த சைக்கிள். பார்ப்பவர் முதலில் சாதாரண மதகைப் பார்ப்பார், அரை விநாடி கழித்துத் தண்ணீரைப் பார்ப்பார். அந்த அரை விநாடிக்காகத்தான் இந்த ஏற்பாடு எல்லாம்.

இதைச் சொல்லிவிட்டால் ஓவியருக்கு மூன்று இடத்தில் கை வழுக்கும். ஒன்று, தண்ணீர் ஓடுவதாக வரைந்துவிடுவார். ஓடும் நீரில் பிம்பம் நிற்காது, மதகு மூடியிருந்தால்தான் தேக்கம் அசையாமல் இருக்கும். லேசான அசைவு வேண்டுமானால் பிம்பத்தைக் குறுக்குக் கீற்றுகளாக உடைக்கலாம், கரைக்குக் கிட்ட மட்டும். இரண்டு, தெருவை நிமிர்த்தி வரைந்துவிடுவார். அப்படி வந்தால் தண்ணீருக்கு அடியில் ஊர் தெரிகிறது என்றாகிவிடும். வண்டல் கலங்கிய கொள்ளிடத் தண்ணீரில் அடிமணலே தெரியாது. மூன்று, வெளிச்சத்தை மறந்துவிடுவார். தண்ணீருக்குள் மஞ்சள் விளக்கு எரிகிறது என்றால் ஷட்டரின் அடி விளிம்பிலும், மதகுத் தூணின் கீழ்ப் பகுதியிலும், லஸ்கரின் வேட்டி ஓரத்திலும் அந்த மஞ்சள் பட்டாக வேண்டும். இது விட்டுப்போனால் மாயம் வெட்டி ஒட்டியதாகத் தெரியும். ‘ஏதோ சரியில்லை’ என்று வாசகர் சொல்லும் அட்டைகளில் பெரும்பாலும் இந்த ஒளிக் கோளாறுதான் இருக்கும்.

மதகைக் கற்பனையில் வரைய வேண்டாம். ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் காலத்தில், 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய கீழணை அணைக்கரையில் இருக்கிறது. பக்கத்து வாய்க்கால் மதகுகளும் ஏராளம். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போய், ஷட்டருக்கு நேராக, பக்கவாட்டில், கீழிருந்து மேல் நோக்கி என்று படம் எடுத்து ஓவியருக்குக் கொடுங்கள். தண்ணீர் மட்டம் ஏறி இறங்கியதில் சுவரில் படிந்த பாசிக் கோடு, ஷட்டர் இடுக்கில் சிக்கிய ஆகாயத்தாமரை, இந்த மாதிரிச் சில்லறைகள்தான் மாயத்தை நம்ப வைக்கும்.

காலத்தையும் முடிவு செய்துகொள்ளுங்கள். ஆற்றுத் தண்ணீரை நீலமாகத் தீட்டுவது டெல்டாக்காரர் கண்ணில் உடனே உறுத்தும். ஆடியில் வரும் புதுவெள்ளம் செம்மண் நிறம், நுரையும் சருகுமாக வரும். பங்குனி சித்திரையில் வெளுத்த மணல், நடுவில் ஒரு கோடாகத் தண்ணீர். மார்கழியில் பனி, சம்பா வயல் பழுப்பேறத் தொடங்கும். உங்கள் காட்சிக்குத் தேங்கிய நீரும் மணலும் வேண்டும், ஆகவே பங்குனி. சாம்பல் வானம், வெளுத்த மணல், கறுத்த தண்ணீர், அதில் எண்ணெய் விளக்கு மஞ்சள். நான்கே நிறம். இந்தப் பக்கத்துக் கலம்காரித் துணிகளைப் பாருங்கள், கறுப்பும் சிவப்பும் துணியின் நிறமுமாகவே ஒரு தேரையே நிறைத்துவிடுவார்கள். நிறம் குறைந்தால் விளக்கு தானாகவே எரியும்.

அந்தத் தலைகீழ்த் தெருவில் என்ன கட்டடம் வரும் என்பதும் முக்கியம். கடல்கொண்ட பட்டினம் என்றவுடன் ஓவியர்கள் வண்ணம் பூசிய ராஜகோபுரத்தைப் போட்டுவிடுகிறார்கள். உயர்ந்த கோபுரம் பிற்காலச் சோழர் காலத்திலும் அதற்குப் பின்னும் வளர்ந்தது. ராஜராஜன் கட்டிய பெரிய கோயிலிலேயே உயரம் விமானத்துக்குத்தான், வாசல் கோபுரங்கள் அதற்கு அடக்கமாகத்தான் நிற்கும். பூம்புகார்ப் பக்கம் கீழையூரில் அகழ்ந்தபோது கிடைத்தது செங்கல்லால் கட்டிய படகுத் துறை. ஆகவே செங்கல் சுவர், மரத்தூண், மாடம், சாய்ந்த கூரை என்று போனால் பழமை தானாக வரும். கப்பல் வேண்டுமானால் ஐரோப்பியப் பாய்க்கப்பலைக் காப்பியடிக்காதீர்கள். சாதவாகனர் காசுகளில் இரட்டைப் பாய்மரக் கப்பல் தெளிவாகவே இருக்கிறது, அதை மூலமாகக் கொடுங்கள். ஃபேன்டஸிதானே, எப்படி இருந்தால் என்ன என்பார்கள். சொந்த விதிகளை நீங்கள் உடைக்கலாம். ஆனால் கவனக்குறைவுக்கும் கற்பனைக்கும் வித்தியாசம் வாசகருக்குத் தெரியும்.

செயற்கை நுண்ணறிவில் படம் செய்துகொள்வதைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அதில் வரும் ‘தென்னிந்தியக் கோயில்’ பாதி அங்கோர்வாட், பாதி வட நாட்டுச் சிகரம் என்று கலந்து கட்டி வரும். தூணின் வேலைப்பாடு கிட்டப் போனால் கரைந்துவிடும். பின்னணியில் தமிழ் எழுத்து மாதிரி ஏதோ நெளியும். மனக்கருத்தை ஓவியருக்கு விளக்கப் பயன்படுத்தலாம். அட்டையாகவே போடுவதானால், அமேசானில் மின்னூலை ஏற்றும்போது அதைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி உண்டு. இடத்தின் துல்லியமே பலமான ஒரு கதைக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இனி தலைப்பு. தமிழ் ஃபேன்டஸி அட்டைகள் தோற்பது படத்தில் குறைவு, எழுத்தில்தான் அதிகம்.

படத்தை முடித்துவிட்டுப் பிறகு தலைப்புக்கு இடம் தேடினால் அது நாயகன் தலைமேல்தான் உட்காரும். தெரியவில்லை என்று எழுத்தைச் சுற்றி வெள்ளை ஸ்ட்ரோக் (ஓரக் கோடு), அதற்கு ஒரு நிழல், அதன்மேல் ஒரு ஒளிவட்டம் என்று மூன்று ஒட்டுப் போடுவார்கள். பென்சில் மாதிரியிலேயே தலைப்பின் இடத்தைக் கட்டம் போட்டு ஒதுக்கச் சொல்லுங்கள். மேல் மூன்றில் ஒரு பங்கு நல்லது. புத்தகக் காட்சியில் படிப்படியாக அடுக்கும் பலகையில் முன்வரிசைப் புத்தகம் பின்வரிசைப் புத்தகத்தின் அடிப்பாகத்தை மறைத்துவிடும். உங்கள் படத்தில் மேலே சாம்பல் வானம், தலைப்புக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

‘கொள்ளிடம்’ எண்ணிக்கையில் ஐந்து எழுத்து. ஆனால் கொம்பும் காலும் தனித்தனியாக இடம் பிடிப்பதால் அகலத்தில் ஏழு எழுத்துக்கு நிற்கும். டெம்மி அட்டையில் கையில் இருப்பது 140 மி.மீ. இரு பக்கமும் ஓரம் விட்டால் 115 மி.மீ. அதில் அடக்க வேண்டும் என்பதற்காக எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்காதீர்கள், நிற்கும் கோடு மெலிந்து படுக்கும் கோடு தடித்து விகாரமாகிவிடும். இரண்டு வரியாகப் பிரியுங்கள், முக்கியச் சொல்லுக்கு முழு அகலத்தையும் கொடுங்கள். எழுத்தின் உடல் 12 மி.மீ. உயரத்துக்குக் குறைய வேண்டாம்.

எழுத்து இடைவெளியைக் கூட்டுவது ஆங்கிலத் தலைப்புகளில் கம்பீரமாக இருக்கும். அதைப் பார்த்துத் தமிழில் செய்தால் விபத்து. இடைவெளி கூடக்கூட ‘கொ’வின் கால் க-வை விட்டு விலகி ‘ர’ போலத் தெரியும், வாசகர் ‘கெரள்ளிடம்’ என்று படிப்பார். இடைவெளி கட்டாயம் வேண்டுமென்றால் எழுத்துகளை வடிவமாக மாற்றிக்கொண்டு, கொம்பும் காலும் அதனதன் எழுத்தோடு ஒட்டியே இருக்கும்படி கையால் நகர்த்த வேண்டும். இரண்டு வரிக்கு நடுவிலும் கவனம் வேண்டும். மேல்வரியில் ‘ரு’, ‘ழு’, ‘ஞ’ இருந்தால் வால் கீழே இறங்கும், கீழ்வரியின் புள்ளியும் ‘ளி’யின் கொக்கியும் மேலே ஏறும். மென்பொருள் கொடுக்கும் வரி இடைவெளியை நம்பாமல் கண்ணால் பார்த்து வையுங்கள்.

கணினியில் இன்னொரு பழைய தொல்லை இருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் எழுத்து அமைப்பு சரியில்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அல்லது நடுவில் புள்ளி வட்டம் முளைக்கும். வேர்ல்டு-ரெடி லேஅவுட் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் யூனிகோடு எழுத்து ஒழுங்காக விழும். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைனில் வேர்ல்டு-ரெடி கம்போசர். கடைசியில் அச்சகத்துக்குப் போகும் கோப்பில் எழுத்தை எல்லாம் கர்வாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றிவிடுங்கள், அவர்களிடம் உங்கள் எழுத்துரு இருக்காது. மாற்றும் முன் தலைப்பு, புத்தக முதுகு, பின்னட்டை மூன்றையும் வேறொருவர் வாய்விட்டுப் படிக்கட்டும். மாற்றிய பிறகு ஒற்றுப்பிழையைத் திருத்துவது தலைவலி.

முடிந்தால் தலைப்பைக் கையால் எழுத வையுங்கள். நம்மிடம் அதற்கு நல்ல மரபு உண்டு. பத்திரிகைத் தொடர்களின் தலைப்பெல்லாம் ஓவியர் கையெழுத்தாகவே வந்தவை. ஓவியர் கே.எம். ஆதிமூலம் சிறுபத்திரிகைகளுக்கும் நூல்களுக்கும் எழுதிக் கொடுத்த தலைப்பெழுத்துகளில் தூரிகையின் வேகம் அப்படியே நிற்கும். எந்த எழுத்துருவிலும் அது வராது. ‘சினிமாத் தங்கம்’ என்று நான் சொல்வது, பெவல் போட்டு, அதாவது புடைத்து நிற்பதுபோலக் காட்டி, மஞ்சளிலிருந்து பழுப்புக்கு வழியும் அந்த எழுத்து. அதை மட்டும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். திரையில் மினுங்கும், அச்சில் கடுகு நிறமாக வந்து நிற்கும்.

கல்வெட்டு எழுத்தைத் தலைப்பாகப் போடலாமா என்றும் சிலர் யோசிப்பார்கள். வாசகரால் படிக்க முடியாது. சோழர் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளியே கிடையாது. பின்னணியில் மங்கலான கோடுகளாக வரலாம். அப்போதும் எந்தக் கல்வெட்டு என்று தெரிந்து போடுங்கள். மந்திரம் மாதிரி இருக்கிறதே என்று நீங்கள் எடுத்த வரி, நந்தா விளக்கு (அணையா விளக்கு) எரிக்க 96 ஆடு விட்ட கணக்காக இருக்கும், படிக்கத் தெரிந்தவர்கள் கும்பகோணம் பக்கம் நிறையப் பேர்.

படமும் தலைப்பும் சேர்ந்தபின் இரண்டு சோதனை. அட்டையை 160 பிக்சல் உயரத்துக்குச் சுருக்கி, கைபேசியில் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். ‘கொள்ளிடம்’ படிக்க முடிகிறதா, தண்ணீரில் மஞ்சள் தெரிகிறதா? இரண்டும் தெரிந்தால் போதும், சைக்கிள் தெரியாவிட்டால் பரவாயில்லை. அடுத்து நிறத்தை எல்லாம் எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையில் பாருங்கள். தலைப்பு வானத்தோடு கலந்துபோனால், சிவப்பில் எழுதினாலும் பச்சையில் எழுதினாலும் அது கலந்துதான் போகும். வெளிச்ச வித்தியாசத்தைத் திருத்துங்கள், நிறத்தை அல்ல.

இனி அச்சுக் கணக்கு. இதில் முதுகின் அகலம்தான் அதிகம் தவறுகிறது. 320 பக்கம் என்றால் 160 தாள். 70 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ என்ற வழக்கமான அச்சுத் தாள் ஒன்று சுமார் 0.09 மி.மீ., ஆக 14.4, அட்டையின் தடிமனையும் சேர்த்து 15 மி.மீ. அதே புத்தகத்தை 80 ஜி.எஸ்.எம். புக் பல்க்கி என்ற தடித்த தாளில் போட்டால் தாள் 0.13 மி.மீ. வரை வரும், முதுகு 21 மி.மீ. ஆகிவிடும். தாளை மாற்றிவிட்டு அட்டைக் கோப்பை மாற்றாமல் விட்டால் முன்னட்டைப் படம் முதுகுக்குள் போய் விழும். அச்சகத்தில் அச்சடிக்கப்போகும் தாளில் நூறு எடுத்து அடுக்கி, அழுத்திப் பிடித்து அளந்து சொல்லச் சொல்லுங்கள், அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

15 மி.மீ. முதுகு என்று வைத்துக்கொண்டால், முழு விரிப்பு 140 + 15 + 140, வெட்டுக்கு நாலாபுறமும் 3 மி.மீ. சேர்த்து 301 மி.மீ. அகலம், 222 மி.மீ. உயரம். 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) சுமார் 3,555-க்கு 2,622 பிக்சல். வெட்டுக் கோட்டிலிருந்து உள்ளே 6 மி.மீ. வரை எழுத்து எதுவும் வர வேண்டாம். முதுகுக்குப் பக்கத்தில் மடிப்புக் கோடு ஒன்று விழும், சுமார் 6 மி.மீ. தள்ளி. அந்தப் பட்டையைக் கண் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. ஆகவே முன்னட்டையில் தலைப்பை நடுவில் வைக்கும்போது கணித நடுவிலிருந்து 3 மி.மீ. வலப்பக்கம் தள்ளி வைத்தால்தான் நடுவில் இருப்பதாகத் தோன்றும். மின்னூலுக்கு 1,600-க்கு 2,560 பிக்சல் கேட்பார்கள். அது டெம்மியைவிடச் சற்று நெட்டை. ஓவியரை மேலும் கீழும் 5 மி.மீ. கூடுதலாகத் தீட்டச் சொன்னால் இரண்டுக்கும் ஒரே படம் போதும்.

திரையில் ஒளிர்வது மையில் ஒளிராது. நாற்றங்காலின் பளீர்ப் பச்சை, மின்னும் நீலம், ஊதா மூன்றும் சி.எம்.ஒய்.கே.க்கு (சயான் என்ற வெளிர்நீலம், மெஜந்தா என்ற இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு அச்சு மைக்கு) மாற்றியதும் சோர்ந்துவிடும். ஃபேன்டஸி அட்டைகளுக்கு இந்த மூன்றின்மேல்தான் மோகம். தொடக்கத்திலிருந்தே சி.எம்.ஒய்.கே. முன்னோட்டத்தை வைத்துக்கொண்டு தீட்டட்டும். விளக்கு எரிய வேண்டுமானால் விளக்கின் நிறத்தை ஏற்றாமல் சுற்றிலும் இருட்டாக்க வேண்டும். நீலம் போடுமிடத்தில் மெஜந்தா, சயானைவிட 30 சதவீதப் புள்ளியாவது குறைவாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஊதாவாகச் சாயும். இரவுக் காட்சியில் இன்னொரு பொறி: திரையில் நன்றாகத் தெரிந்த நிழல் விவரமெல்லாம் அச்சில் ஒரே கறுப்பாக அடைத்துக்கொள்ளும். திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டுப் பாருங்கள், அதில் தெரியாதது தாளில் தெரியாது. பெரிய கறுப்புப் பரப்புக்கு சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 என்று கலந்தால் ஆழம் கிடைக்கும். பின்னட்டையின் சின்ன எழுத்துக்கு மட்டும் தனிக் கறுப்பு 100. நான்கு மையில் சின்ன எழுத்தை அடித்தால் கொஞ்சம் விலகினாலும் ஓரத்தில் நிறம் கசியும்.

அட்டைக்கு 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் கார்டு, பளபளப்பில்லாத மேட் லேமினேஷன். மேட் இருட்டுக்கு அழகு, ஆனால் கறுப்பைச் சற்று வெளுக்கும், விரல் ரேகையும் விழும். அதற்குமேல் செலவு செய்ய முடியுமானால் ஒரே ஒரு வேலை, ஸ்பாட் யு.வி. (குறிப்பிட்ட இடத்தில் மட்டும் பூசும் பளபளப்பு). அதையும் தலைப்பில் போடாதீர்கள், எல்லோரும் அங்கேதான் போடுகிறார்கள். யு.வி. அரை மி.மீ. முதல் ஒரு மி.மீ. வரை விலகக்கூடும், மெல்லிய எழுத்தில் அது அப்பட்டமாகத் தெரியும். மதகின் கீழே தேங்கிய தண்ணீரின் பரப்பில் மட்டும் போடுங்கள். மணலும் சுவரும் மேட்டாக வறண்டு கிடக்க, கையில் எடுத்துச் சாய்த்தால் தண்ணீர் மட்டும் ஈரமாகப் பளபளக்கும், உள்ளே தெரு. ஓரம் கொஞ்சம் விலகினாலும் கரைதானே, யாருக்கும் தெரியாது. தங்க ஃபாயில் (ஒட்டி எடுக்கும் மெல்லிய மினுமினுப்புத் தாள்) உங்கள் கதைக்குத் தேவையில்லை. வேறு கதைக்குப் போடுபவர்கள் கோடு 0.3 மி.மீ.க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளட்டும், தமிழ் எழுத்தின் சுழிகள் அடைத்துக்கொள்வது அதில்தான்.

பின்னட்டையில் எண்பது, தொண்ணூறு சொல் போதும். கதையைச் சொல்லாமல் சிக்கலைச் சொல்லுங்கள். மதகு திறந்தபின் நடப்பது எதுவும் அங்கே வரக் கூடாது. பார்கோடு வலக் கீழ் மூலையில், 30-க்கு 21 மி.மீ.க்குக் குறையாமல், வெள்ளைக் கட்டத்தில் கறுப்புக் கோடு. அழகுக்காகச் சிவப்பில் அடித்தால் ஸ்கேனருக்கு அது தெரியாது.

ஓவியரோடு ஒரு பக்கமாவது எழுத்தில் ஒப்பந்தம் வைத்துக்கொள்ளுங்கள். அச்சு, மின்னூல், ஒலிநூல், விளம்பரம் என்று எதற்கெல்லாம் படத்தைப் பயன்படுத்துவீர்கள் என்று அதில் வரட்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் கொள்ளப்படும். சிங்கப்பூர், இலங்கை, கனடா வாசகர்களை நினைத்து எழுதுபவர் இந்த இரண்டு வரியை விட்டுவிடக் கூடாது. உட்பக்கத்தில் ஓவியர் பெயரை மறக்காமல் போடுங்கள். இது தொடர் நாவலின் முதல் பாகம் என்றால், தலைப்பின் இடத்தையும் முதுகுப் பட்டையையும் அடுத்த பாகங்களுக்கும் மாற்றாமல் வைக்க, அடுக்கடுக்கான மூலக் கோப்பையும் வாங்கி வையுங்கள்.

ஐந்நூறு பிரதிக்கு மேல் என்றால் ஆஃப்செட், நூறு இருநூறு என்றால் டிஜிட்டல். இரண்டிலும் அட்டைத் தாளின் இழை முதுகுக்கு இணையாக ஓட வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். குறுக்கே ஓடினால் மடிப்பில் மை வெடித்து வெள்ளைக் கோடு தெரியும், உங்கள் கறுத்த அட்டையில் அது பளிச்சென்று தெரியும். டிஜிட்டலில் டோனர் (தூள் மை) இன்னும் சீக்கிரம் வெடிக்கும். லேமினேஷன் செய்த ஒரே ஓர் அட்டையை முதலில் வாங்கி, டியூப்லைட்டில் பார்க்காமல் வாசலில் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மடிப்புப் போட்டுப் பத்துத் தடவை விரித்து மூடுங்கள். கோடு விழுந்தால் பைண்டிங்குக்குப் போகும் முன் நிறுத்தச் சொல்லலாம். ஒட்டி, வெட்டி, கட்டுக் கட்டியபின் அச்சகத்தில் யாரும் எதையும் மாற்றித் தர மாட்டார்கள்.